கட்டுத்தறியிலிருந்து தயிர்ச் சட்டிக்கு

நாங்கள் தயிர் விற்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. கல்யாண வீடோ காதுகுத்தோ, எங்கே போனாலும் யாராவது ஒரு மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாலை அப்படியே ஊற்றுவதைவிடத் தயிராக்கினால் லிட்டருக்கு எவ்வளவு அதிகம் நிற்கும் என்று கேட்கிறார். ஒரே எண்ணாகச் சொல்ல முடியாத பதிலை ஒவ்வொரு முறையும் பந்தியில் உட்கார்ந்து மழுப்புவதைவிட, ஒரு தடவை முழுவதுமாக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் தோட்டம் தாராபுரத்துக்கும் காங்கயத்துக்கும் இடையில் இருக்கிறது. கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் நான்கு ஏக்கர், தென்னை இரண்டு ஏக்கர், மீதி இரண்டில் பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலில் தண்ணீர் விடும் முறையைப் பார்த்துச் சின்ன வெங்காயமோ மக்காச்சோளமோ போடுவோம். கட்டுத்தறியில் ஏழு உருப்படிகள். ஐந்து ஜெர்சிக் கலப்பு, ஒன்று எச்.எஃப். எனப்படும் ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் கலப்பு, இன்னொன்று அப்பத்தா விற்கவே விடாத காங்கயம் பசு. அது கன்றுக்குப் போக நமக்குத் தருவது இரண்டு லிட்டருக்குமேல் இராது. சினையும் வற்றலும் போக எந்த நேரத்திலும் நான்கைந்து மாடுகள் கறவையில் இருக்கும். காலையும் மாலையும் சேர்த்து 45 லிட்டர் அளவில் பால் வரும். அதில் இப்போது 20 லிட்டர்தான் தயிராகிறது. மற்றது இன்றைக்கும் ஊர்ப் பால் கூட்டுறவுச் சொசைட்டிக்குத்தான் போகிறது. முழுவதையும் தயிராக்கிவிட்டோம் என்று ஊரில் ஒரு பேச்சு இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக இருந்தவள். 2021இல் வேலையை விட்டுத் தோட்டத்துக்கு வந்தபோது எனக்கு மாட்டைப் பற்றித் தெரிந்ததைவிடச் சாயத்தைப் பற்றித் தெரிந்தது அதிகம். அப்பாவின் பால் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். அரசுக் கூட்டுறவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆக உயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதோடு 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. ஆனால் கைக்கு வருவது கொழுப்பையும் எஸ்.என்.எஃப். எனப்படும் மற்றத் திடப்பொருளையும் பொறுத்தது. சித்திரை வெயிலில் மாடு தீனி எடுக்காமல் தண்ணீரையே குடித்துக்கொண்டு நிற்கும்போது இரண்டும் குறையும். "பாலில் டிகிரி இல்லை", அதாவது அடர்த்தி போதாது, என்ற ஒரு வரியோடு அன்றைய விலை இறங்கிவிடும். அப்பாவுக்கு அதில் பெரிய குறை ஒன்றுமில்லை. கேனைக் கொண்டுபோய் ஊற்றினால் அன்றைக்குப் பாலைப் பற்றிய கவலை தீர்ந்தது என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கின் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஏன் நெய்யோ பனீரோ செய்யாமல் தயிர் என்று கேட்டால், அதற்கு மட்டும் எண்ணில் பதில் இருக்கிறது. நான்கு சதவீதம் கொழுப்புள்ள பசும்பால் 10 லிட்டரைக் கடைந்து உருக்கினால் நெய் அரைக் கிலோகூடத் தேறாது. பனீராகத் திரித்தால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரும். தயிரானாலோ 10 லிட்டரும் கிட்டத்தட்ட 10 கிலோவாகவே நிற்கும். எதையும் வடித்துக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் நெய் மாதக்கணக்கில் இருக்கும். தயிரைக் குளிரில் வைத்தாலும் ஒரு வாரத்துக்குமேல் நான் நம்புவதில்லை. அளவில் கிடைப்பதை நாளில் இழக்கிறோம்.

எங்கள் வீட்டில் இது புதிய தொழிலும் இல்லை. அப்பத்தா கல்யாணமாகி வந்த புதிதில் சந்தை நாளில் தயிர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆறு மைல் நடந்திருக்கிறார். பால் விற்பது பாவம், தயிர் விற்கலாம், மோரை மட்டும் கேட்டவருக்குச் சும்மா ஊற்ற வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்வார். ஊருக்குள் சொசைட்டி வந்த பிறகு பானை பரணுக்குப் போய்விட்டது. நான் தயிர் போடலாம் என்று சொன்னபோது வீட்டில் அதிகம் சிரித்தவர் அவர்தான்.

வீட்டுக்கு உறை ஊற்றுவதும் விற்பனைக்கு உறை ஊற்றுவதும் ஒரே வேலை என்று நினைத்திருந்தேன். வீட்டில் தயிர் ஒரு நாள் கெட்டியாகவும் ஒரு நாள் தளர்வாகவும் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாம் நாள் புளித்தால் மோர்க்குழம்பு வைத்துவிடுவோம். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு திங்கட்கிழமைத் தயிரும் வியாழக்கிழமைத் தயிரும் ஒன்றாக இருக்க வேண்டும். சாயப்பட்டறையில் ஒரே தடவையில் சாயமேற்றும் துணியை ஒரு லாட் என்போம். ஒரே நிறம், ஒரே சாயம், ஒரே ஆள் என்றாலும் இரண்டு லாட்டுகளின் துணியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். அதனால் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பானைப் பாலுக்கும் ஒரு எண் போட்டு, எந்த மாட்டுப் பால், எத்தனை டிகிரியில் காய்ச்சியது, எத்தனை மணிக்கு உறை ஊற்றியது, எப்போது தோய்ந்தது என்று எழுதத் தொடங்கினேன். "ஏங் கண்ணு, பாலு என்ன பனியனா, லாட் நம்பர் போடறதுக்கு?" என்று அப்பத்தா கேட்டார். அந்த நோட்டுத்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

முதல் இரண்டு மாதங்கள் எதிலும் நிலை இல்லை. மார்கழியில் இரவு உறை ஊற்றியது காலை எட்டு மணிக்கும் பாலாகவே இருந்தது. மாசி வெயில் ஏறியதும் அதே நேரத்தில் புளித்து நீர் விட்டது. கொஞ்சம் படித்தும், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஒன்றில் உட்கார்ந்தும் கற்றுக்கொண்டவற்றில் இரண்டு விஷயங்கள் எல்லாவற்றையும் மாற்றின.

ஒன்று, காய்ச்சுவது. பாலைப் பொங்கவிட்டு இறக்கினால் போதும் என்று நினைத்திருந்தோம். பாலில் கேசீன் என்ற புரதம் இருக்கிறது. தயிரின் கட்டு அதுதான். பாலில் உள்ள சர்க்கரையை உறைமோரின் நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்ற மாற்ற, 6.6க்குப் பக்கத்தில் இருந்த பாலின் பி.எச். அளவு 4.6 வரை இறங்குகிறது, அங்கே கேசீன் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு வலைபோல் நிற்கிறது. ஆனால் பாலை 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிச் சிறிது நேரம் அந்தச் சூட்டிலேயே நிறுத்தினால்தான், கூடவே இருக்கும் மற்றப் புரதங்களும் மடிப்பு அவிழ்ந்து கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் வலை நெருக்கமாகும், நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எங்கள் தயிர் மேலே தண்ணீர் கக்கியதற்குப் பாதிக் காரணம் இதுதான். இப்போது இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தில், தெர்மாமீட்டர் போட்டு, 90 டிகிரி தொட்டதும் அடுப்பைக் குறைத்து ஐந்து நிமிடம் நிறுத்துகிறோம். அம்மா இப்போதும் தெர்மாமீட்டரைப் பார்க்கும் முன் பாலின் ஓரத்தில் எழும் நுரையைப் பார்த்து ஒரு எண் சொல்வார். பெரும்பாலும் இரண்டு டிகிரிக்குள் சரியாக இருக்கும்.

இரண்டாவது, தோயும் சூடு. நம் வீட்டுத் தயிரில் இருக்கும் நுண்ணுயிர்களில் பல மிதமான சூட்டை விரும்புபவை. கடையில் யோகர்ட் என்று விற்பதில் இருக்க வேண்டியவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபைலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் என்ற இரண்டும். அவை 42, 43 டிகிரியில் செழிப்பாக வேலை செய்யும், நான்கைந்து மணி நேரத்தில் தோய்த்துவிடும். வீட்டு உறைமோரில் எந்த இனம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, அறைச் சூடு மாறினால் ஒன்று அடங்கி இன்னொன்று ஓங்கும், சுவையும் அதோடு மாறும். சூட்டை நிலையாக வைக்க நாங்கள் செய்த ஏற்பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். பழைய மரப் பீரோ ஒன்றுக்கு உள்ளே தெர்மோகோல் ஒட்டி, கீழ்த்தட்டில் இரண்டு குண்டு பல்புகளை மாட்டி, முட்டை பொரிக்கும் பெட்டிக்குப் போடுகிற தெர்மோஸ்டாட்டை வாங்கிப் பொருத்தினோம். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைகள் அதிகம் என்பதால் அந்தச் சாமான் எளிதில் கிடைத்தது. குஞ்சு பொரிக்கும் பெட்டியில் தயிர் தோய்கிறது என்று ஊரில் ஒரு வாரம் பேச்சாக இருந்தது.

உறைமோர் விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வந்தது. அப்பத்தாவின் உறைமோர் நான் பிறப்பதற்கு முன்பிருந்து தொடர்ந்து வருவது. வீட்டில் யாராவது இறந்தால்கூடப் பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்துவைத்து, காரியம் முடிந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதை விட்டுவிட்டு உறையவைத்து உலர்த்திய பொடியாகப் பாக்கெட்டில் வரும் உறையைப் போடுவதா என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஹரியானாவில் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் இப்படிப்பட்ட உறைகளுக்கென்றே ஒரு சேகரிப்பைப் பராமரிக்கிறது. தனியார் நிறுவனங்களும் விற்கின்றன. விலை அதிகமில்லை, ஆனால் ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். கடைசியில் விற்பனைத் தயிருக்குப் பாக்கெட் உறை, வீட்டுத் தயிருக்கு அப்பத்தாவின் மோர் என்று பிரித்துக்கொண்டோம். இரண்டையும் ஒரே கரண்டியால் தொடக்கூடாது என்பது அடுப்படிச் சட்டம். உண்மையைச் சொன்னால், நன்றாக அமைந்த நாளில் அப்பத்தாவின் தயிருக்கு இருக்கும் மணம் எங்கள் விற்பனைத் தயிருக்கு இல்லை. அமையாத நாளில் அதை எருமைக்குக்கூட வைக்க முடியாது என்பதும் உண்மை.

இனி அந்தப் புரட்டாசி வாரத்தைச் சொல்ல வேண்டும். புரட்டாசியில் கறி சாப்பிடாத வீடுகள் அதிகம் என்பதால் தயிருக்குக் கேட்பு கூடும். சனிக்கிழமைக்கு மட்டும் 26 கிலோ சொல்லியிருந்தார்கள். வெள்ளி மாலைப் பாலை வழக்கம்போல் காய்ச்சி, ஆற்றி, 43 டிகிரியில் உறை சேர்த்துக் கிண்ணங்களில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். இரவு பதினொரு மணிக்குத் திறந்து ஒரு கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தேன். பால் அப்படியே ஓரத்துக்கு ஓடியது. பல்பு எரிகிறது, சூடு சரி. ஒரு மணிக்கு எழுந்து பார்த்தேன், அதே கதை. காலை ஐந்து மணிக்கும் புளிப்பின் சாயலே இல்லை. இளஞ்சூடாக, காய்ச்சிய பாலின் மணத்தோடு, 50 கிண்ணத்துக்குமேல் பால் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அம்மா ஒரு கிண்ணத்தில் பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தார். உறை செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆனால் அதே பாக்கெட்டிலிருந்து எடுத்த உறை வியாழக்கிழமை நன்றாகத் தோய்ந்திருந்தது. நோட்டைப் புரட்டினேன். வெள்ளி மாலைப் பாலில் செவலையின் பால் ஆறு லிட்டர் சேர்ந்திருந்தது. செவலைக்கு முந்தின நாள் காலை மடி வீங்கி, பீய்ச்சும்போது திரித் திரியாக வந்ததால், மருத்துவர் மடிநோய்க்குக் காம்பு வழியாக டியூப் மருந்து ஏற்றியிருந்தார். திரி நின்றுவிட்டது, பால் பார்க்க வெள்ளையாக இருந்தது, அப்பா கறந்து பொதுக் கேனில் ஊற்றிவிட்டார். மருத்துவருக்குப் போன் செய்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "மருந்து போட்டு எத்தனை வேளை ஆச்சுங்க?" அந்த மருந்து நோய்க்கிருமிக்கு மட்டுமா பகை? தயிருக்கான நுண்ணுயிரும் அதற்கு ஒன்றுதான். காய்ச்சினாலும் அந்த மருந்துகளில் பல அழிவதில்லை. எத்தனை நாள் பாலைக் கறந்து கொட்ட வேண்டும் என்று மருந்து அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த அட்டையை நாங்கள் யாரும் அதுவரை திருப்பிப் படித்ததில்லை.

எழுதக் கூச்சமாக இருந்தாலும் இதை மறைக்க மாட்டேன். அதற்கு முன் பல ஆண்டுகளாக மடிநோய் கண்ட மாடுகளுக்கு இதே மருந்தைப் போட்டிருக்கிறோம், திரி நின்ற மறுவேளையே பாலைக் கேனில் ஊற்றியிருக்கிறோம். எத்தனையோ வீட்டுப் பாலோடு அது கலந்துபோனது. எங்களுக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. கறந்த பால் காம்பு ஏறாது என்பார்கள். அந்தச் சனிக்கிழமை தோயாத பால் முழுவதும் எங்கள் அடுப்படியிலேயே நின்றது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவரே குடம் குடமாக எடுத்துப்போய்க் குப்பைக்குழியில் ஊற்றினார். 26 கிலோவுக்குச் சொல்லியிருந்தவர்களுக்கு நான் ஒவ்வொருவராகப் போன் செய்து இல்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொன்னேன். இரண்டு வீடுகள் அதன்பின் வாங்குவதை நிறுத்திக்கொண்டன. ஒரு வீட்டில், இதைச் சொன்னதற்காகவே இனி பாலும் எங்களிடம்தான் என்றார்கள்.

அன்றிலிருந்து மருந்து போட்ட மாட்டின் கொம்பில் சிவப்புத் துணி கட்டுகிறோம். கொம்பு கருக்கிய மாடென்றால் கழுத்துக் கயிற்றில். துணி இருக்கும்வரை அதன் பால் தயிருக்கும் இல்லை, சொசைட்டிக்கும் இல்லை. அட்டையில் சொன்ன நாள் முடிந்த பிறகும், ஒரு டம்ளர் பாலைத் தனியாக உறை ஊற்றி, அது மற்றதோடு ஒரே நேரத்தில் தோய்கிறதா என்று பார்த்த பின்புதான் துணியை அவிழ்ப்போம். ஆய்வகத்தில் இதற்கென்று சோதனைப் பட்டைகள் உண்டு. எங்களுக்கு டம்ளர் போதுமானதாக இருக்கிறது.

சட்டம் சார்ந்த வேலைகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நாங்கள் பதிவு செய்தபோது, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணமாக இருந்தது. 14 இலக்க எண் ஒன்று வரும், அதை லேபிளில் போட வேண்டும். 2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய தயிருக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. எங்கள் அளவுக்குப் பதிவே தேவையில்லை என்று தணிக்கையாளர் சொல்லிவிட்டார். லேபிள் அச்சுக்குக் கொடுத்த வாரத்தில் வேறொரு வேடிக்கை நடந்தது. 2023 மார்ச்சில், கூட்டுறவுத் தயிர்ப் பாக்கெட்டுகளில் 'தஹி' என்ற இந்திச் சொல்லைப் பெரிதாகப் போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்ல, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எதிர்ப்புக் கிளம்பி, மாதம் முடிவதற்குள் உத்தரவு திருத்தப்பட்டு, தயிர், மொசரு என்று அந்தந்த ஊர்ச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம் என்றானது. அச்சகக்காரர் என்னைக் கூப்பிட்டு, "என்னங்க போடறது, இன்னைக்கு என்ன பேரு?" என்று கேட்டார். தயிர் என்றே போடச் சொன்னேன். குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம் மானியம் உண்டு என்று தெரிந்து விண்ணப்பம்வரை போனோம். அது வங்கிக் கடனோடு இணைந்த மானியம் என்றதும் அப்பா எழுந்துவிட்டார். கடன் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் பழைய கதை ஒன்று இருக்கிறது, அது இங்கே வேண்டாம்.

மண்சட்டியில் ஊற்றிப் பார்த்ததையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். இலங்கையின் தெற்கில் எருமைத் தயிரைச் சட்டியோடு சாலையோரக் கடைகளில் அடுக்கி விற்பார்கள்; படத்தில் பார்க்கவே ஆசையாக இருக்கும். மண்சட்டி நுண்துளை உள்ளது என்பதால் தயிரின் நீரைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது, வெளிப்புறம் வேர்த்துக் குளிர்கிறது. தயிர் கத்தியால் வெட்டுகிற அளவுக்கு நிற்கும். நாங்கள் 60 சட்டிகள் செய்யச்சொல்லி வாங்கினோம். சுவையில் குறையே இல்லை. ஆனால் மொபெட்டில் கொண்டுபோகும்போது மேடு பள்ளத்தில் ஒன்றோடொன்று இடித்து முதல் வாரத்திலேயே ஒன்பது விரிசல் விட்டன. காலிச் சட்டியைத் திருப்பி வாங்கிக் கழுவினால், அந்த நுண்துளைகளுக்குள் பழைய தயிர் உட்கார்ந்திருக்கும், எவ்வளவு கொதிநீர் ஊற்றினாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. திருப்பி வாங்காவிட்டால் சட்டியின் விலையே தயிரின் விலையை மிஞ்சப் பார்க்கிறது. இப்போது பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் மட்டும் சட்டி. மற்ற நாளில் மூடிபோட்ட பிளாஸ்டிக் கிண்ணம். பார்க்க அழகில்லை என்பது எனக்கும் தெரியும்.

எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தராத பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தயிருக்கு ஆள் தேடி வருவது பங்குனி தொடங்கி வைகாசிவரை. அப்போதுதான் மாட்டுக்குப் பால் குறையும், டிகிரியும் குறையும், தயிரின் கட்டும் தளரும். கார்த்திகை மழை முடிந்து, கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் தழைத்து, மாடுகள் நன்றாகக் கறக்கும் மார்கழியிலோ, சளி பிடிக்கும் என்று குழந்தைகளுக்குத் தயிர் கொடுக்க மாட்டார்கள். பால் இருக்கும்போது ஆள் இல்லை, ஆள் இருக்கும்போது பால் இல்லை. பெரிய நிறுவனங்கள் பால்பொடியைச் சேர்த்துத் திடப்பொருளைச் சமன்செய்துகொள்கின்றன. அதில் தவறு ஒன்றும் இல்லை, சட்டத்துக்கும் உட்பட்டதுதான். நாங்கள் சேர்ப்பதில்லை என்று முதலிலேயே சொல்லி விற்றதால், கோடையில் தயிர் சற்று இளகியிருக்கும் என்பதையும் சொல்லியே விற்க வேண்டியிருக்கிறது. பாலை முழுவதும் தயிருக்குத் திருப்பாமல் சொசைட்டி அட்டையைத் தொடர்ந்து வைத்திருப்பதற்குக் காரணமும் இதுதான். மார்கழியில் மிஞ்சும் பாலை எந்த நாளும் மறுக்காமல் வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது என்பது சிறிய விஷயமில்லை. விலையைப் பற்றிக் குறை சொல்லும்போது நான் இதை மறந்துவிடுவதுண்டு.

சரி, மாமாக்களின் கேள்விக்கு வருகிறேன். கிலோ 80 ரூபாய்க்கு விற்கிறோம். அதில் பாலுக்கு 38 ரூபாயை ஒதுக்கிவிடுகிறேன், ஏனென்றால் சொசைட்டியில் ஊற்றியிருந்தால் அது எப்படியும் வந்திருக்கும். கிண்ணமும் மூடியும் லேபிளும் 7 ரூபாய், கேஸும் கரண்டும் 6, மொபெட் பெட்ரோல் 6, விற்காமல் திரும்பி வந்து மோராகிப் போவதற்கு 4 என்று எடுத்துக்கொண்டால் கிலோவுக்கு 19 ரூபாய் நிற்கும். 20 கிலோவுக்கு 380 ரூபாய். இதற்கு அம்மாவும் நானும் நாளுக்கு நான்கு மணி நேரம் நிற்கிறோம். பனியன் கம்பெனியில் ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டே பழகியவள் நான். இங்கே அந்த நிமிடத்தை எழுதினால் ஆளுக்கு அரைநாள் கூலியும் சரியாக நிற்காது. மாட்டுக்கு நோய், கரண்டு போன இரவு, உறை ஏமாற்றிய நாள் என்று மாதத்தில் ஒரு பானை வீணானால் அதுவும் இறங்கும். அம்மாவின் கூலியை நான் நோட்டில் எழுதும்போதெல்லாம் அவர் அடித்துவிடச் சொல்கிறார். நான் அடிப்பதில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் விடவில்லை என்றால், நாங்கள் கறப்பது என்ன பால் என்று எங்களுக்கே இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. பசும்புல் தின்னும் மாதங்களில் தயிரின் மேலாடை இளமஞ்சளாக இருக்கிறது, சோளத்தட்டுக்கு மாறினால் வெளுக்கிறது. சென்ற ஆண்டு வெங்காய அறுப்பின்போது நான்கு நாள் தொடர்ந்து வெங்காயத் தாளைக் கட்டுத்தறியில் போட்டோம். காசில்லாத தீனி, மாடும் ஆவலாகத் தின்னும், எல்லாத் தோட்டத்திலும் செய்வதுதான். மூன்றாம் நாள் தாராபுரத்தில் ஒரு டீச்சர் அம்மா போன் செய்து, "தயிர் வைச்ச ஃப்ரிட்ஜுல வெங்காயம் வைச்சிருந்தீங்களா கண்ணு?" என்று கேட்டார். வைக்கவில்லை. கிண்ணத்தைத் திறந்து முகர்ந்தால் எனக்கும் மெல்லத் தெரிந்தது. தாளின் மணம் மாட்டின் ரத்தம் வழியாக மடிக்கு வந்து, காய்ச்சியும் உறையவைத்தும் போகாமல், தயிரில் நின்றிருந்தது. இதே பாலைத்தான் வருடாவருடம் ஊற்றியிருக்கிறோம், ஆயிரம் லிட்டரோடு கலந்தபோது யார் மூக்குக்கும் எட்டவில்லை.

இந்த வாரம் மறுபடியும் அறுப்பு. நேற்றுச் சாயங்காலம் பால் பீய்ச்சும் நேரத்துக்குச் சற்று முன்னால் அப்பா தலையில் ஒரு கட்டுத் தாளோடு வந்து கட்டுத்தறி வாசலில் நின்றார். ஐம்பது வருடமாக மாட்டுக்கு என்ன போடுவது என்று யாரையும் கேட்டிராதவர்.

"இப்பப் போடலாமா, கறந்துபோட்டு அப்பறம் போடறதா கண்ணு?"

கறந்த பிறகு போடலாம், ராத்திரிக்குள் மணம் அடங்கிவிடும், காலைப் பாலுக்குச் சிக்கல் இருக்காது, ஆனால் அளவாகப் போடுங்கள் என்றேன். சரியென்று கட்டை இறக்கி, மாட்டுக்கு எட்டாத தூரத்தில் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு, பால் சொம்பைக் கழுவப் போனார்.